திறப்பு விழாவுக்குப் பிறகு

நாளேட்டைப் புரட்டுகிறோம். உள்பக்கத்தின் மூலையிலே ஒரு செய்தி. புதிய கிளை நூலகக் கட்டடம் திறந்துவைக்கப்பட்டதாம். ஒருவர் தலைமை தாங்கினார், ஒருவர் முன்னிலை வகித்தார், ஒருவர் நாடாவை வெட்டினார், ஒருவர் குத்துவிளக்கேற்றினார், ஐவர் வாழ்த்துரை வழங்கினர், நூலகர் நன்றி நவின்றார், நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது. செய்தியும் அத்துடன் நிறைவுற்றது.

விழா நிறைவுற்றது, சரி. நூலகம் தொடங்கியதா? மறுநாள் அந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது? முதல் நூலைக் கேட்டு வாங்கியவர் யார்? வாயில்வரை வந்து, உள்ளே நுழையத் தயங்கித் திரும்பியவர் யார்? அவரை அழைக்க ஆள் இருந்ததா? இவற்றைச் சொல்லும் செய்தியை எந்த ஏட்டிலும் நாம் கண்டதில்லை.

கவிதைக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்துக்கு உண்டு, திரைப்படத்துக்கு உண்டு. ஊர்மக்களின் வரிப்பணத்தில் வாழும் நூலகம் தன்னைப்பற்றி அவர்களுக்குச் சொல்லும் செய்திக்கு மட்டும் திறனாய்வு வேண்டாமா? வேண்டும் என்கிறோம். இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நூலைத் திறனாய்வோர், அந்நூல் எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பார்ப்பர். அந்த அளவுகோலை இங்கும் வைப்போம். நூலகச் செய்தி சொல்வது என்ன? கட்டடத்தின் பரப்பு, செலவான தொகை, அடுக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை, வந்திருந்த பெரியோரின் பெயர். சொல்லாமல் விடுவது என்ன? படிப்பவனை! நாடகத்தைப்பற்றி எழுத வந்தவர், கொட்டகையின் நீள அகலத்தையும் திரைச்சீலையின் விலையையும் எழுதிவிட்டு, நடித்தவரையும் பார்த்தவரையும் மறந்ததற்கு ஒப்பாகும் இது.

இஃது ஏதோ செய்தியாளரின் கைத்தவறு என்று நாம் கருதவில்லை. ஏட்டைப்பற்றி இந்நாட்டில் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. அதன் விளைவே இது. கலைமகள் பூசை நாளிலே வீடுதோறும் என்ன நடக்கிறது? பாடப்புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் அடுக்கிவைத்துச் சந்தனமிட்டுப் பூச்சூட்டி வணங்குகின்றனர். அன்று ஏட்டைத் தொடலாகாது, படிக்கலாகாது என்பர். கல்விக்கென ஒரு திருநாள். அந்நாளில் கல்விக்கு விடுமுறை! ஏட்டை வணங்கச் சொன்னவர்கள் ஏட்டைப் பகிர்ந்துகொண்டார்களா? இல்லையே! உழைத்தவனுக்கும் பெண்ணுக்கும் எழுத்தை எட்டாக் கனியாக வைத்திருந்துதானே இத்தனை நூற்றாண்டுகள் ஏட்டைப் போற்றினர்! அந்தப் பழக்கம் இன்று வேறு உருவில் வருகிறது. கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துவதுபோல நூலகத்துக்கு விழா நடத்துகின்றனர். கூட்டம் கலைந்ததும் நடை சாத்திவிடுகின்றனர்.

நூல் வணங்கத்தக்கது அன்று, பயன்படுத்தத்தக்கது என்று நூலகத் துறையிலேயே அடித்துச் சொன்னவர் ஒருவர் இருந்தார். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்காசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன்தான் அவர். இங்கிலாந்து சென்று, அங்குள்ள பொது நூலகங்கள் ஊர்மக்கள் அனைவருக்கும் உரியனவாய் இயங்குவதைக் கண்டு திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. நூல் பயன்பாட்டிற்கே என்பது அதன் முதல் விதியின் கருத்து. அதை விளக்க வந்தவர் எடுத்துக்கொண்டவை என்ன தெரியுமா? நூலகம் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது? எந்த நேரத்தில் திறந்திருக்கிறது? உட்கார வசதி எப்படி? பணியாற்றுவோர் எப்படிப்பட்டவர்? இவைதான்! இரண்டாம் விதிக்கு வந்தபோது, நூல் எல்லோருக்கும் உரியது என்று கொண்டு, பெண்களைப்பற்றியும் நாட்டுப்புறத்தாரைப்பற்றியும் பார்வையற்றோரைப்பற்றியும் பேசினார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 12இல் அவர் பிறந்த நாள் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. படத்துக்கு மாலை விழுகிறது. விதிகளுக்கு? அவர் கேட்ட அதே கேள்விகளை நம் ஊர் நூலகத்தின் முன் நின்று கேட்டுப் பாருங்கள். எங்கே இருக்கிறது? பெரிய தெருவில். சேரியிலிருந்து வரும் சிறுவன் எத்தனை வீட்டுத் திண்ணைகளின் பார்வையைக் கடந்து அங்கே வரவேண்டும்? எப்போது திறந்திருக்கிறது? தறி ஓடும் நேரத்தில், களையெடுக்கும் நேரத்தில், கடை நடக்கும் நேரத்தில். நெசவாளியும் உழவனும் கடைச் சிப்பந்தியும் கை கழுவிக்கொண்டு வரும் வேளையிலே, நூலகத்தின் கதவு மூடியிருக்கிறது. பிறகு, ‘மக்களுக்குப் படிப்பார்வம் இல்லை’ என்று தீர்ப்புக் கூறுகின்றனர்! பந்தியை மூடிவிட்டுப் பசியில்லாதவர் என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்கிறோம்.

மக்கள் வருவதில்லை என்போர் மன்னார்குடிப் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். ஐந்து விதிகள் நூல்வடிவம் பெற்ற அதே 1931ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்களில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி ஒன்று நூல்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நடமாடும் நூலகம்! மக்கள் நூலகத்துக்கு வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை. நூலகமே மக்களிடம் சென்றது. பேருந்து செல்லாத ஊருக்கு, மின்விளக்கு எரியாத ஊருக்கு, வண்டித்தடம் வழியே சென்றது. பளிங்குத் தரை இல்லை. நிழலுக்கு ஒரு கூரை, இழுக்க மாடுகள். அந்த வண்டியின் சதுர அடி எவ்வளவு என்று எவரும் கேட்கவில்லை. அது போய்ச்சேர்ந்த ஊர்களே அதன் பெருமை. இன்று எஞ்சின் பூட்டிய வண்டிகள் ஆயிரம் உண்டு. அன்றிருந்த அந்த எண்ணம் எத்தனை நூலகங்களில் உண்டு?

‘ஏழைகளுக்கு இலவசமாகத்தானே தருகிறோம், இதில் உரிமை பேசுவானேன்?’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவர். இலவசமா? 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியா விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டம் நூலகத்தை எந்த வள்ளலின் கருணைக்கும் விட்டுவைக்கவில்லை. நூலக வரி என்று ஒன்றை விதித்தது. இன்று வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு அதற்கெனச் சேர்த்து வாங்கப்படுகிறது. மாடிவீட்டுக்காரர் தருகிறார், ஓட்டுவீட்டுக்காரரும் தருகிறார். வாடகைக்குக் குடியிருப்பவர், தம் வாடகைக்குள் அடங்கியிருப்பதை அறியாமலே தருகிறார். ஆகவே நூலகம் பிச்சை அன்று. முன்பணம் கட்டி வாங்கிய உரிமை. உள்ளாட்சி மன்றங்கள் வாங்கிய இந்த வரியை நூலக ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் சேர்க்காமல் நிலுவை வைத்த கதையும் பலமுறை வெளிவந்ததுண்டு. தம் பத்துக் காசு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை வரி கட்டிய ஒவ்வொருவருக்கும் உண்டு. அந்தக் கணக்கு நூலக வாயிலில் தொங்கக் கண்டவர் உண்டா?

வாயிலில் தொங்குவது வேறொன்று: புரவலர் பலகை. 1000 ரூபாய் தந்தவர் புரவலர். அவர் பெயர் வண்ணத்தில் எழுதப்படுகிறது. தந்தவரை நாம் பழிக்கவில்லை. அந்தப் பணம் நூலாகவும் நாற்காலியாகவும் மாறியிருந்தால் அவருக்கு நன்றியும் சொல்வோம். நாம் கேட்பது இதுதான்: அதே சுவரில், ஓராண்டில் நூறு நூல் படித்து முடித்த தையற்காரப் பெண்ணின் பெயருக்கு இடமில்லையா? கொடுத்தவன் பெயர் கல்லில், படித்தவன் பெயர் காற்றில் என்பது கோயில் மதிற்சுவரின் நீதி. மக்கள் மன்றத்தின் நீதி அதுவாக இருத்தலாகாது.

சிற்றூர் நூலகங்களின் நிலையையும் சொல்லியாகவேண்டும். 2006இல் தொடங்கப்பெற்ற அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகம் ஒன்றை எழுப்ப முனைந்தது. நோக்கம் பெரிது, அதைப் போற்றுகிறோம். கட்டடங்கள் எழுந்தன, நூல்களும் வந்தன. ஆனால் பல ஊர்களில் பின்னர் நேர்ந்தது என்ன? காப்பாளருக்குக் கிடைத்த சிறு தொகை, வேலையைத் தொழிலாகக் கொள்ளப் போதவில்லை. புதிய நூல் வரவில்லை. நாளேடு நின்றது. கதவில் பூட்டு ஏறியது. பூட்டில் துரு ஏறியது. உள்ளே கறையான் மட்டும் ஓய்வின்றிப் படித்தது! திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் நாம், இந்தப் பூட்டைப்பற்றி வாய் திறவாவிட்டால், மாற்றாரின் குறை மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். அந்தப் பூட்டு எந்த ஆட்சியில் ஏறியது என்று வழக்காடுவது நம் வேலையன்று. அதைத் திறக்கச் சொல்லி ஊர் கேட்டதா என்பதே நம் கேள்வி. கேட்கவில்லை என்றால், அந்த நூலகம் திறந்திருந்தபோதும் ஊருக்குச் சொந்தமாகவில்லை.

சொந்தமாவது எப்படி? நம் இயக்கத்தின் பழைய படிப்பகங்களை நினைத்துப் பாருங்கள். ஓலைக் கொட்டகை, ஒரு நீள் விசுப்பலகை, அரிக்கேன் விளக்கு, நான்கைந்து ஏடுகள். நூல்களை எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மாலைப்பொழுதில் அங்கே இடம் பிடிப்பது அரிது! எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பதின்மர் கேட்பர். தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் அப்படியே படிப்பகமாயின. கேட்டவன் வினவினான், வினவியவனுக்கு விடை சொல்லப் படித்தவன் மேலும் படித்தான். காதால் கேட்டவன் நாளடைவில் எழுத்துக்கூட்டலானான். எழுத்தறியாதவனையும் உள்ளே அழைத்துக்கொண்ட நூல்நிலையம் அது. ‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ என்று அறிஞர் அண்ணா வானொலியில் எடுத்துரைத்தபோது, அந்தச் சொல் வேர்விடத்தக்க மண்ணைப் படிப்பகங்களே பண்படுத்தி வைத்திருந்தன.

ஆனால் தோழர்களே, அதே படிப்பகங்கள் பல இன்று எப்படி இருக்கின்றன? பெயர்ப்பலகை இருக்கிறது; கொடிக்கம்பம் இருக்கிறது; தலைவர் படம் இருக்கிறது; ஏடு இல்லை. பெண்கள் அன்றும் அந்த விசுப்பலகையில் அமரவில்லை, இன்றும் அமரவில்லை. பிறர் பூசையறையை நகைக்கும் நாம், படம் மாட்டிய வெற்றறையைப் படிப்பகம் என்று அழைப்பது முறையா? இந்தக் குறையை நாமே சொல்லிக்கொள்ளாவிட்டால் அரசு நூலகத்தைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு இல்லை.

இனிப் பெரிய நூலகத்துக்கு வருவோம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15இல் திறக்கப்பெற்றது அண்ணா நூற்றாண்டு நூலகம். எட்டு ஏக்கர் நிலம், ஒன்பது தளங்கள். அதைப்பற்றியும் செய்தி ஏடுகள் பரப்பையும் செலவையுமே எழுதின. ஆனால் மறு ஆண்டு, 2011 நவம்பரில், அந்த நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. அன்றுதான் உண்மைச் செய்தி பிறந்தது! எழுத்தாளர், மாணவர், வாசகர் எனப் பலரும் குரல் எழுப்பினர். வழக்கு உயர்நீதிமன்றம் ஏறியது. மாற்றத்துக்குத் தடை கிடைத்தது. அதன்பின் நூலகம் சரிவரப் பேணப்படாதது குறித்தும் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. ஓராண்டுக் குழந்தையான நூலகத்தைக் காத்தது கட்டடத்தின் உறுதியா? அதில் உட்கார்ந்து படித்தவர்கள், ‘இஃது எங்களுடையது’ என்று சொன்ன உறுதி! பூட்டிய சிற்றூர் நூலகத்துக்காக எழாத குரல் இங்கே எழுந்ததன் காரணம், இங்கே வாசகர் இருந்தனர் என்பதே.

அந்த நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்க ஒரு பகுதி உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதியும் உண்டு. சொந்த நூல் பகுதியைக் கண்டு முகம் சுளிப்போர் இருக்கின்றனர். ‘அங்கே இலக்கியம் படிப்பவர் யார்? அரசு வேலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வோர் கூட்டந்தானே!’ என்பர். அவர்களுக்குச் சற்றே விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம். அந்தக் கூட்டத்தில் இருப்பவர் யார்? குடும்பத்திலேயே முதன்முதல் பட்டம் பெற்றவர். ஓரறை வீட்டில் ஐவர் வாழும் குடிசைப்பகுதிப் பிள்ளை. அண்ணன் இரவுப்பணி முடித்து உறங்கும்போது விளக்கெரிக்க முடியாத தங்கை. அவளுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, தொல்லை தராத அமைதி கிடைப்பது அங்கேதான். பரம்பரையாகப் படிப்பறை உள்ள வீட்டிலிருந்து வருபவர், மேசை தேடி வருபவளை நகைப்பது அழகன்று.

ஆயினும் நம் கேள்வி நூலகத்தை நோக்கி எழுகிறது. ஆறு திங்கள் நாள்தோறும் அந்த மேசையில் அமர்ந்தவளிடம், தேர்வு நூலை மூடிய ஒரு மாலையில், ‘இதையும் படித்துப் பாரம்மா’ என்று இரண்டாவது நூலை நீட்டியவர் உண்டா? மேசை தந்தது நூலகத்தின் கடமையில் பாதி. மேசை தேடி வந்தவளைக் கதைக்கும் வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் அழைத்துச் செல்வது மறுபாதி. 2023 ஜூலை 15இல் மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். 2022இல் அறிமுகமான ‘நூலக நண்பர்கள்’ திட்டம், நூலகம் வர இயலாத முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் தன்னார்வலர் வழியே வீட்டிற்கே நூல் அனுப்புகிறது. மேலவாசல் மாட்டுவண்டியின் கொள்ளுப்பேரன் அது, வாழ்த்துகிறோம். அந்த நண்பர் எந்தெந்தத் தெருவுக்குப் போனார், எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுச்செய்தி ஆகும்.

நூலகம் ஊருக்குச் சொந்தமானால் அதன் இழப்பும் ஊரின் இழப்பாகிறது. இதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் நூல்களை வைத்து ஊராருக்குப் படிக்கத் தந்ததில் தொடங்கியது ஒரு முயற்சி. ஊரார் கைகோத்தனர், அது பொது நூலகமாக வளர்ந்தது. அதன் பெரிய கட்டடத்துக்கு நம் இரங்கநாதனும் அறிவுரை நல்கினார். 1959இல் திறக்கப்பெற்ற அந்தக் கட்டடம், 1981ஆம் ஆண்டு மே முடிந்து ஜூன் பிறந்த இரவிலே வெறியரால் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரு கட்டடம் எரிந்ததாக அம்மக்கள் அதைச் சொல்வதில்லை. தங்களையே எரித்ததாகச் சொல்கின்றனர். ஏன்? அவர்கள் கையால் சேர்த்தது அது. அவர்கள் பிள்ளைகள் படித்தது அது. அந்த உரிமையுணர்வை நம் ஊர் நூலகம் நம்மிடம் வளர்த்திருக்கிறதா?

‘கையடக்கச் செல்பேசியில் உலகமே இருக்கிறது, நூலகம் இனி எதற்கு?’ என்ற குரலும் கேட்கிறது. செல்பேசியை நாம் வெறுக்கவில்லை. அறிவைப் பரப்பும் எந்தக் கருவியும் நமக்குப் பகையன்று. ஆனால் அதில் வருவதெல்லாம் அறிவா? சோதிடம் வருகிறது, பொய்மருந்து வருகிறது, சாதிப் பெருமை வருகிறது. அதற்கு மறுப்பு எந்த நூலில் உள்ளது என்று எடுத்துக்காட்ட ஓர் ஆள் வேண்டும். கூடியிருந்து வினவ ஓர் இடம் வேண்டும். கேட்டதைத் தரும் கருவி பல உண்டு. கேட்கத் தெரியாதவனுக்குக் கேட்கக் கற்றுத்தரும் இடம் நூலகந்தான்.

முடிவாக, நூலகச் செய்தி எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். குறை கூறுவோர் நிறைவழியும் காட்டவேண்டும் அல்லவா? திங்கள்தோறும் ஒரு தாள் போதும். இந்தத் திங்கள் புதிதாகச் சேர்ந்தவர் இத்தனை பேர். அவருள் பெண்கள் இத்தனை பேர். இன்ன தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதிகமாகப் படிக்கப்பட்ட நூல் இது. கேட்டவர் பலர் இருந்தும் இல்லாமற்போன நூல் இது. கதவு திறந்திருந்த மணி நேரம் இவ்வளவு. வந்த வரி இவ்வளவு, செலவு இவ்வளவு. வாசகர் வட்டத்தில் எழுந்த கேள்வி இது. வரும் கூட்டத்தில் பேசப்போவது இது. இந்தத் தாளை நூலகச் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். தேநீர்க் கடையில் ஒட்டுங்கள், நியாயவிலைக் கடையில் ஒட்டுங்கள், பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒட்டுங்கள். எழுத்தறியாதார் நிற்கும் இடத்தில் ஒருவர் உரக்கப் படியுங்கள்.

நூலகர் ஒருவரே இதைச் செய்ய முடியாது என்பதை அறிவோம். பல கிளைகளில் அவரே எழுத்தர், அவரே காவலர், அவரே பெருக்குபவர். ஆகவே இளைஞர்களே, உங்களை அழைக்கிறோம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா வரும். மேடை போடுவார்கள், பேச அழைப்பார்கள். பேச்சுக்குப் போகுமுன், உங்கள் ஊர் நூலகத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்து வாருங்கள். பூட்டியிருந்தால் திறவுகோல் யாரிடம் என்று கேளுங்கள். திறந்திருந்தால் உறுப்பினராகுங்கள், ஆகும்போது, இதுவரை அந்தப் படியேறாத ஒருவரைக் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் முதல் நூலை வாங்கிக்கொண்டு படியிறங்கும் அந்த மாலை, நாடா வெட்டுவோர் எவரும் இல்லாமலே, உங்கள் ஊர் நூலகத்தின் திறப்பு விழா நடந்திருக்கும். அந்தச் செய்தியை எழுதி அனுப்புங்கள். நம் ஏட்டில் அதற்கு முதற்பக்கம் தருகிறோம்.